பிள்ளை கையில் கொடுக்கும் பொருளுக்குக் கணக்கு



நமக்கு நெருங்கிய வணிகர் ஒருவருடைய மகன் அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கிறார். சென்ற விடுமுறையில் சிங்கப்பூர் வந்திருந்தார். ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து நாலைந்து பேர் நம் கடை வாசலில் அமர்ந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது, தாம் அங்கே வாடகைக்கு இருக்கும் வீட்டைப் பற்றி ஒரு செய்தி சொன்னார்.

வீட்டுக்காரர் மோட்டார் பழுது பார்ப்பவர். அவருக்குப் பதின்மூன்று வயதில் ஒரு மகன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் மேசையைத் துடைத்துவிட்டுக் காகிதத்தை விரித்து உட்காருவார்களாம். எந்தச் சாமானை முதலில் வாங்குவது, எதற்கு எவ்வளவு விலை, எந்த மாதத்தில் கையில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுவார்களாம். அக்கம் பக்கத்து வீடுகளில் புல் வெட்டிச் சேர்த்த காசைப் பையனும் தன் பங்காக எழுதி வைத்திருக்கிறானாம். இத்தனையும் எதற்கு என்று கேட்டால், தகப்பனும் மகனுமாகச் சேர்ந்து வீட்டிலேயே ஒரு ரைபிள் துப்பாக்கி செய்வதற்காம்! அதுதான் அவர்கள் சேர்ந்து செய்யப் போகும் முதல் துப்பாக்கி.

இதைக் கேட்டதும் நம்முடன் இருந்த பெரியவர் ஒருவர், "பிள்ளை வளர்க்கிற லட்சணமா இது? பாம்புக்குப் பால் வார்ப்பதைப் போலல்லவா இருக்கிறது!" என்றார். மற்றொருவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானா, அந்த மனிதர் இரவு தோறும் மகனோடு ஒரே மேசையில் உட்காருகிறார். நாம் கடைசியாக நம் மகனோடு அப்படி உட்கார்ந்தது எப்போது?" என்றார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. தேநீர் ஆறிப் போயிற்று.

இவ்விருவர் பேச்சில் எது நியாயம்? இரண்டிலும் நியாயம் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. நாம் ஆலிமல்லர். சிறு வயதில் மதறஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே நம்முடைய படிப்பு. ஆகவே ஃபத்வா கூற நாம் முன்வரவில்லை. கொடுக்கல் வாங்கலில் பழகிய ஒரு கடைக்காரனுடைய அறிவுக்கு எட்டிய அளவில் இவ்விஷயத்தை ஆராய்ந்து பார்க்கலாம் என்றே எழுதுகிறோம்.

முதலில் அவர்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, துப்பாக்கி செய்து விற்பதைத் தொழிலாகக் கொண்டவருக்கு லைசென்ஸ் வேண்டும். சொந்த உபயோகத்துக்காக ஒன்று செய்து கொள்பவரிடம், அவர் ஆயுதம் வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவராக இல்லாத வரையில், மத்திய சட்டம் லைசென்ஸ் கேட்பதில்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும், வீட்டில் செய்ததற்கும் நம்பர் பெற்றுப் பொறிக்க வேண்டும் என்று விதித்துள்ளன. அங்கே வீட்டில் செய்வது என்றால் பெரும்பாலும் உலை மூட்டி இரும்பை அடிப்பதல்ல. குழல், கட்டை, விசை முதலியவற்றைத் தனித்தனியே வாங்கி ஒன்றாகப் பூட்டுவதேயாகும்.

வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று அச்சட்டத்தில் உண்டு. லைசென்ஸ் பெற்ற கடைக்காரர் 18 வயது நிரம்பாதவருக்கு ரைபிள் விற்கக் கூடாது என்று மத்திய சட்டம் தடுக்கிறது. ஆனால் அதே ரைபிளைத் தகப்பன் தன் மகன் கையில் கொடுப்பதற்கு அம்மத்திய சட்டம் வயது வரம்பு ஒன்றும் வைக்கவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடலாம். எனினும் கருத்து விளங்குகிறதல்லவா? கடைக்காரனை நம்பாத சட்டம் தகப்பனை நம்புகிறது. கடைக்காரனுக்குச் சட்டம் போட்ட பூட்டைத் தகப்பனுக்கு மனச்சாட்சிதான் போட வேண்டும் என்று விட்டுவிட்டது. இது பெரிய நம்பிக்கை. ஆகவே பெரிய அமானிதம்.

நம் நாட்டு நிலை முற்றிலும் வேறு. சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி, பிறரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு துப்பாக்கியைப் பிரயோகித்தால் தண்டனை மரணம். மலேசியாவிலும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் கடுமையானவை. இங்கே ஒருவர் வீட்டு மேசையில் துப்பாக்கி செய்ய நினைப்பதும் பைத்தியக்காரத்தனம். அதனால் நமக்கு இவ்விஷயத்தில் சோதனை இல்லை. சோதனை இல்லாத இடத்தில் தேறிவிட்டோம் என்று பெருமை கொள்வது சரியாகாது.

இனி மார்க்கத்தைப் பார்ப்போம். ஆயுதப் பயிற்சியை இஸ்லாம் இழிவாகக் கருதவில்லை. அஸ்லம் கூட்டத்தார் அம்பெய்து பழகிக் கொண்டிருந்த வழியே பெருமானார் (ஸல்) அவர்கள் சென்றபோது, இஸ்மாயீல் (அலை) அவர்களின் மக்களே எய்யுங்கள், உங்கள் தந்தையும் வில்லாளியாக இருந்தவரே என்று ஊக்கமளித்ததாகப் புகாரி ஷரீபில் வருகிறது. தகப்பனின் வித்தை மகனுக்கு வருவது சிறப்பு என்பது இதில் தெளிவு. பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்பிக்கும்படி உமர் (ரலி) அவர்கள் கூறியதாகவும் பெரியோர் சொல்வதுண்டு. ஆகவே, ஆயுதத்தைக் கற்பிக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக அந்த அமெரிக்கத் தகப்பனை நாம் ஏசிவிட முடியாது.

அபூதாவூது, திர்மிதீ முதலிய கிரந்தங்களில் மற்றொரு ஹதீது உண்டு. ஓர் அம்பின் பொருட்டு அல்லாஹ் மூவரைச் சுவர்க்கத்தில் புகுத்துகிறான் என்பது அதன் கருத்து. நல்ல எண்ணத்தோடு அதைச் செய்தவர், அதை எய்தவர், அதை எடுத்துக் கொடுத்தவர் ஆகியோரே அம்மூவர். நாம் மதறஸாவில் இதைக் கேட்ட நாளில் நன்மையின் பங்கை மட்டுமே கண்டோம். கடை வைத்து நடத்திய பின்தான் இதன் மறுபக்கம் தென்பட்டது. இலாபத்தில் பங்குள்ள கூட்டாளி நஷ்டத்தில் பங்கில்லை என்று கூற முடியுமா? நல்ல அம்புக்கு மூவரும் பங்காளிகள் என்றால், தீய அம்புக்கு எய்தவன் ஒருவன் மட்டுமா கணக்குச் சொல்லுவான்? "நான் செய்து கொடுத்தேன், அவ்வளவுதான்" என்று செய்தவனும், "நான் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்" என்று கொடுத்தவனும் ஒதுங்கிக் கொள்ள இடமில்லை என்றே நம் சிற்றறிவுக்குப் படுகிறது.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஆயுதத்துக்கு வகுத்த ஒழுங்கும் இதையே காட்டுகிறது. தன் சகோதரனை நோக்கி ஒருவன் ஆயுதத்தை நீட்டலாகாது. ஷைத்தான் அவன் கையை நழுவச் செய்து அவனை நரகக் குழியில் விழச் செய்யலாம் என்று எச்சரித்தார்கள். உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கொடுப்பதைத் தடுத்தார்கள். உயிருள்ள எதையும் குறிப்பலகையாக வைத்து எய்யக் கூடாது என்றார்கள். நம் பள்ளிவாசல்களிலோ கடைத்தெருக்களிலோ அம்புகளோடு செல்பவர், எவர் மீதும் கீறிவிடாதபடி அவற்றின் முனையைக் கையால் பிடித்துக் கொள்ளட்டும் என்றார்கள். இதைக் கவனியுங்கள் சகோதரர்களே! அம்பைக் கொண்டு வராதே என்று சொல்லவில்லை. முனை உன் கையில் இருக்கட்டும் என்றார்கள். குத்துவதானால் முதலில் உன் உள்ளங்கையைக் குத்தட்டும் என்பதல்லவா அதன் பொருள்?

அந்நாட்டில் துப்பாக்கி பழகுவோருக்கு முதலில் நான்கு விதிகளைக் கற்பிக்கிறார்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிறைந்ததாகவே எண்ண வேண்டும். அழிக்க விரும்பாத எதை நோக்கியும் குழலைத் திருப்பக் கூடாது. குறி பார்த்து முடியும் வரை விசையில் விரல் வைக்கக் கூடாது. குறி எது, குறிக்குப் பின்னால் இருப்பது என்ன என்று தெரிந்து கொள்ள வேண்டும். நம் மாணவர் சொன்னதில், அந்தத் தகப்பன் ஒரு சாமானும் வந்து சேராத முன்பே இந்த நான்கையும் மகனைக் கொண்டு ஒப்புவிக்கச் செய்தாராம். நாம் நியாயம் பேச வேண்டும். பொறுமை, கணக்கு, உழைப்பு, எச்சரிக்கை இவையெல்லாம் அந்த மேசையில் அப்பையன் கற்கிறான். நல்ல தகப்பன் செய்யும் காரியத்தில் பாதியை அவர் செய்துவிட்டார்.

மற்றப் பாதி என்ன? செய்த பின் அப்பொருள் யாருடையது, யாருடைய பூட்டில் இருக்கும், யார் அதற்குக் கணக்குச் சொல்வது என்பதே அது.

பாடம் நடக்கும் மேசையில் தகப்பன் கூடவே இருக்கிறான். ஆனால் பாடம் சில இரவுகளோடு முடிந்துவிடும். இரும்போ தலைமுறை தாண்டியும் இருக்கும். இன்று பதின்மூன்று வயதுப் பையனுக்கு நாளை பதினாறு வயதாகும். ஒரு நாள் அவனுக்குக் கோபம் வரும். ஒரு நாள் அவமானம் வரும். ஒரு நாள் உலகமே வெறுத்துப் போகும். அந்த நாளில் தகப்பன் பக்கத்தில் இருப்பான் என்று யார் உத்தரவாதம் தருவது? ரைபிளைச் செய்த அன்புக் கையை ரைபிள் அறியாது.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்போர்டு என்னும் ஊரில் பதினைந்து வயது மாணவன் ஒருவன் தன் பள்ளியில் சுட்டு நான்கு மாணவர்களைக் கொன்றான். அக்கைத்துப்பாக்கியை அவனுக்காக அவன் தகப்பனே வாங்கிச் சரியாக நான்கு நாள்தான் ஆகியிருந்தது. 2024ஆம் ஆண்டில் தாய், தகப்பன் இருவரையும் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்த்து, ஒவ்வொருவருக்கும் பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பள்ளியில் பிள்ளை சுட்டுக் கொன்றதற்காகப் பெற்றோர் மீதே கொலைப்பழி தீர்க்கப்பட்டது அந்நாட்டில் அதுவே முதன்முறை. எடுத்துக் கொடுத்தவனுக்கும் பங்குண்டு என்ற நியாயத்தை அந்நாட்டு ஜூரிகளும் ஒப்புக் கொண்டுவிட்டார்கள்.

2019ஆம் ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவில் சான்டா கிளாரிட்டா என்னும் ஊரில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் பள்ளியில் இருவரைக் கொன்று தன்னையும் மாய்த்துக் கொண்டான். அவன் கையில் இருந்தது, தனிச் சாமான்களைப் பூட்டிச் செய்த, நம்பர் இல்லாத கைத்துப்பாக்கி. இவ்வகையை அங்கே பேய்த் துப்பாக்கி என்கிறார்கள். எங்கிருந்து வந்தது, யார் கைமாறி வந்தது என்று போலீசார் தேடிப் போக வழியில்லாததால் அந்தப் பெயர். இப்படிப் பூட்டிச் செய்வதற்கான சாமான் தொகுதிகளை விற்போர் நம்பர் பொறித்து, வாங்குபவரை விசாரித்தே விற்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டில் அரசாங்கம் விதி செய்தது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு அவ்விதி செல்லும் என்று ஏழுக்கு இரண்டு நீதிபதிகள் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

சகோதரர்களே, நம்பர் இல்லாத சரக்கின் குணம் நமக்குத் தெரியாததா? பில் இல்லாமல் வரும் சரக்கை ஏன் தொட மறுக்கிறோம்? சரக்கு கெட்டதாக இருக்கலாம் என்பதனால் மட்டுமல்ல. நாளை ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆள் இல்லை என்பதனால். நம்பர் என்பது இரும்பில் வெட்டிய நாலு எழுத்தல்ல. "இதற்கு நான் ஜவாப்தாரி" என்ற கையெழுத்து. தன் மகனோடு சேர்ந்து செய்யும் பொருளில் அந்தக் கையெழுத்தைப் போடத் தயங்கும் தகப்பன், மகனுக்குச் செய்யும் வித்தையைக் கற்பித்தான்; கணக்குச் சொல்லும் வித்தையைக் கற்பிக்கவில்லை.

ஆகவே நம் கருத்து இதுதான். சட்டம் அனுமதிக்கும் நாட்டில், தகப்பனும் மகனும் சேர்ந்து அதைச் செய்வதை நாம் பாவம் என்று சொல்லத் துணியவில்லை. ஆனால் சேர்ந்து செய்வது வேறு. பிள்ளையிடம் ஒப்படைப்பது வேறு. செய்வதில் பங்கு கொடுக்கலாம். சாவியில் பங்கு கொடுக்கக் கூடாது. தன் கோபத்துக்குத் தானே கணக்குச் சொல்லக் கூடிய வயதும் பக்குவமும் வரும் வரை, அம்பின் முனை தகப்பன் கையிலேயே இருக்க வேண்டும்.

இதுவரை பிறர் வீட்டைப் பேசினோம். இனி நம் வீட்டைப் பேசுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி விடுமுறை நாளில், பன்னிரண்டு வயதிருக்கும் பையன் ஒருவன் நம் கடைக்கு வந்து மடக்குக் கத்தி ஒன்று கேட்டான். காசு சரியாக வைத்திருந்தான். எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனித்தோம். மாலையில் அவனுடைய வாப்பா வந்தார். கத்தியைக் கல்லாப்பெட்டி மேல் மெதுவாக வைத்தார். "பிள்ளை காசு கொடுத்தான், கொடுத்தோம்" என்று நாம் முந்திக் கொண்டோம். அவர், "நானா, நீங்கள் விற்றதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எதற்கடா இது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. உங்கள் மகன் கேட்டிருந்தால் கேட்டிருப்பீர்கள் அல்லவா?" என்றார். காசைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் வாங்கிக் கொண்டு போய்விட்டார். அந்தக் கத்தியால் ஒரு தீங்கும் நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் கல்லாமேல்தான் இருக்கிறது.

வழிப்பறி செய்பவன் என்று தெரிந்தும் அவனுக்கு ஆயுதம் விற்பது ஆகாது என்று நம் ஷாபியீ மத்ஹபின் இமாம்கள் கூறியிருக்கிறார்கள். குழப்பக் காலத்தில் ஆயுதம் விற்பதை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் வெறுத்ததாகவும் வருகிறது. தெரிந்து விற்கக் கூடாது என்பது அவர்கள் காட்டிய எல்லை. தெரிந்து கொள்ள ஒரு வார்த்தை கேட்காமலே விற்று, பின்னர் "எனக்குத் தெரியாது" என்பது நாம் கண்டுபிடித்த தந்திரம்.

கடையை விட்டு வீட்டுக்கு வாருங்கள். பாலத்துக்கு அப்பால் ஜோகூர் பாருவில் 2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நள்ளிரவு கடந்த மூன்று மணிக்கு மேல், நெடுஞ்சாலையில் சைக்கிளோட்டிய பதின்ம வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர் மோட்டார் வண்டி மோதி மாண்டார்கள். அவர்கள் ஓட்டியவை 'பாசிக்கல் லாஜாக்' எனப்படும் மாற்றியமைத்த சைக்கிள்கள். இவ்வகைச் சைக்கிள்களில் வேகத்துக்காகப் பிரேக்கையும் கழற்றிவிடுவதுண்டு. பிள்ளைகளை இழந்த பெற்றோரைக் குறை கூற நாம் யார்? அல்லாஹ் அவர்களுக்கு ஸபூரைத் தருவானாக. ஆனால் ஒன்றை எண்ணாமலிருக்க முடியவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளும் தங்கள் கையால் ஒன்றைச் செய்ய ஆசைப்படுகிறார்கள். திருப்புளியும் சாவியும் எடுத்துப் பூட்டிக் கழற்றிப் பார்க்கிறார்கள். அந்த ஆசை நல்ல ஆசைதான். அமெரிக்கப் பையனுக்கு அந்த நேரத்தில் தகப்பன் எதிரே இருந்தார். நம் பிள்ளைக்கு எதிரே யார் இருக்கிறார்கள்? நாம் கடையில் கணக்குப் பார்த்துக் கொண்டிருக்கிறோம். பிரேக்கில்லாத சைக்கிள் கீழே தயாராகிக் கொண்டிருக்கிறது.

சிங்கப்பூரில் ஆண் பிள்ளை பெற்ற நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. 1967ஆம் ஆண்டு முதல் தேசிய சேவை நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டு வயதளவில் நம் மகன் கையில் அரசாங்கமே ரைபிளைக் கொடுக்கிறது. அதற்கு நம்பர் உண்டு. கையெழுத்துப் போட்டு வாங்கி, எண்ணிப் பார்த்துத் திருப்பி ஒப்படைக்கும் ஒழுங்கும் உண்டு. பிரித்துத் துடைத்து மீண்டும் பூட்டவும் ராணுவம் கற்பித்துவிடும். ஆனால் கோபத்தை அடக்கவும், செய்ததை ஒளிக்காமல் ஒப்புக் கொள்ளவும் அந்தப் பதினெட்டு வயதுக்கு முன்பே வீட்டில் கற்றிருக்க வேண்டும். அந்தப் பாடத்துக்கு நாம் எத்தனை இரவு மேசையில் உட்கார்ந்தோம்?

தகப்பனும் மகனும் சேர்ந்து ஒன்றைக் கட்டினார்கள் என்றால் முஸ்லிமின் உள்ளத்தில் முதலில் எழும் நினைவு கஃபத்துல்லாஹ் அல்லவா? இப்ராஹீம் (அலை) அவர்களும் இஸ்மாயீல் (அலை) அவர்களும் அவ்வீட்டின் அடித்தளங்களை உயர்த்தியபோது, எங்களிடமிருந்து இதை ஏற்றுக் கொள்வாயாக என்று இறைவனிடம் கேட்டதாகத் திருக்குர்ஆனில் அல்பகரா சூராவில் காண்கிறோம். கட்டி முடித்து ஓய்ந்தபின் கேட்கவில்லை; கட்டும்போதே கேட்டார்கள். பிள்ளையோடு சேர்ந்து செய்யும் எந்த வேலைக்கும் இதைவிட நேரான உரைகல் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. மேசையாகட்டும், சைக்கிளாகட்டும், கடையின் புதுக் கிளையாகட்டும், அமெரிக்கத் தகப்பனின் ரைபிளே ஆகட்டும். மகன் பக்கத்தில் நிற்க, அப்பொருளின் மேல் கை வைத்து, "இறைவா, எங்களிடமிருந்து இதை ஏற்றுக் கொள்" என்று கூச்சமில்லாமல் கேட்க முடிகிறதா? முடிந்தால் செய்யலாம். நாக்கு தடுமாறினால் நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும்.

இந்த வாரம் ஓர் இரவாவது கடையை அரை மணி நேரம் முன்னதாக அடைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். மேசையைத் துடைத்துவிட்டு, "வாப்பா, நாம் இருவரும் சேர்ந்து என்ன செய்யலாம்?" என்று மகனைக் கேட்போம். பழைய நாற்காலி ஒன்றைச் செப்பனிடுவதானாலும் சரி. முனையை நம் கையில் பிடித்துக் கொண்டு வேலையை அவன் கையில் கொடுப்போம். நம் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர். மேய்ச்சலில் விடப்பட்டவர்களைப் பற்றி நம்மிடமே கேட்கப்படும் என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்கு உணர்த்திச் சென்ற உண்மை. பேரேட்டில் ஒரு வெள்ளி குறைந்தாலும் இரவெல்லாம் தேடும் நாம், அந்தக் கணக்குக்கும் தயாராக வேண்டும்.

அல்லாஹ் நம் கைகளையும் நம் பிள்ளைகளின் கைகளையும் தீங்கிலிருந்து காப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.